வர்த்தகக் கண்காட்சிக்கு நாயையும் கூட்டிப் போகலாமா?

கேட்டவர் நாய்களுக்கான ஹார்னஸ், அதாவது நாயின் மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை, தைத்து விற்கும் சிறு நிறுவனம் நடத்துகிறார். செல்லப்பிராணித் துறையின் வர்த்தகக் கண்காட்சி ஒன்றில் முதல்முறையாக ஸ்டால் போடப் போகிறார். வீட்டில் மூன்று வயது நாய் இருக்கிறது, யாரிடமும் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். "அதற்கே ஹார்னஸை மாட்டி ஸ்டாலில் நிறுத்தினால் என்ன?" என்பது அவர் கேள்வி.

நிறுத்தலாம், நாய்க்கென்று தனியாக ஓர் ஆள் உங்களுடன் வந்தால். வராவிட்டால் நாய் வீட்டிலேயே இருக்கட்டும்.

இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் உண்டு. இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நாயின் குணத்தைப் பற்றித்தான் பேச்சு ஓடுகிறது. சாதுவா, குரைக்குமா, மற்ற நாய்களோடு ஒத்துப்போகுமா என்று. அதெல்லாம் பார்க்க வேண்டியதுதான். ஆனால் அந்த மூன்று நாளும் லீஷின், அதாவது நாயைப் பிடிக்கும் கயிற்றின், மறுமுனை யார் கையில் இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. நான் முதல் தடவை போனபோது நானும் கேட்டுக்கொள்ளவில்லை. ஸ்டாலில் நாங்கள் இரண்டு பேர். என் நாய் மணி மேசைக்கு அடியில் படுத்திருப்பான், லீஷை மேசைக் காலில் கட்டிவிட்டால் போதும் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் காலை எதிர்வரிசையில் ஒரு நாய் நடந்து போனது. மணி வாலை ஆட்டிக்கொண்டு எழுந்து போனான், மேசையும் கூடவே போனது. மாதிரிப் பொருட்கள், விலைப்பட்டியல்கள், ஒரு குவளை காபி எல்லாம் தரையில். அப்போது என்னோடு பேசிக்கொண்டிருந்த விநியோகஸ்தர் குனிந்து நாலு காகிதத்தைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை. மணி மேல் ஒரு தப்பும் இல்லை.

சரி, ஆள் இருக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த வேலை, நீங்கள் போகும் கண்காட்சியின் விதிகளைப் படிப்பது. வர்த்தகக் கண்காட்சி என்பது பொதுமக்கள் குடும்பத்தோடு வந்து வேடிக்கை பார்க்கும் நாய்த் திருவிழா கிடையாது. கடைக்காரர்கள், விநியோகஸ்தர்கள், உற்பத்தியாளர்கள், மருத்துவர்கள், குரூமிங் (நாயைக் குளிப்பாட்டி ரோமம் வெட்டும்) தொழில் செய்பவர்கள் என்று துறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே அனுமதி. அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் நடக்கும் குளோபல் பெட் எக்ஸ்போ, லாஸ் வேகாஸில் நடக்கும் சூப்பர்சூ, ஜெர்மனியின் நியூரம்பெர்கில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் இன்டர்சூ, இத்தாலியின் பொலோனியாவில் நடக்கும் சூமார்க் எல்லாம் இந்த வகை. துறையே செல்லப்பிராணித் துறை என்பதால் நாயை எல்லா இடத்திலும் விடுவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பார்வையாளரின் நாயையும் விடும் கண்காட்சி உண்டு, ஸ்டால்காரரின் நாயை மட்டும் விடுவது உண்டு, செய்முறை காட்டும் நாயைத் தவிர வேறு எதையும் விடாததும் உண்டு. போன வருடம் இருந்த விதி இந்த வருடம் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. அதனால் யார் சொன்னதையும் நம்பாமல், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அந்த ஆண்டுக்கான ஸ்டால்காரர் கையேட்டைத் திறந்து பிராணிகள் பற்றிய பகுதியைப் படியுங்கள்.

அதில் தேட வேண்டியவை சில உண்டு. நாயை முன்பதிவு செய்யக் கடைசித் தேதி இருக்கும். தடுப்பூசிச் சான்றுகளும் பொறுப்பேற்புப் படிவமும் கேட்பார்கள். லீஷின் நீளம் பெரும்பாலும் ஆறு அடி, அதாவது 1.8 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். பட்டனை அழுத்தினால் நீளும் சுருள் லீஷ் கூடாது என்பதும் பரவலான விதி. கூட்டத்தில் அந்த மெல்லிய கயிறு அடுத்தவர் காலில் சுற்றிக்கொள்ளும், நாய் எட்டடி தள்ளி என்ன செய்கிறது என்று பிடித்திருப்பவருக்கே தெரியாது. அப்புறம் ஒன்று, பலரும் தவறவிடுவது: ஸ்டால் அமைக்கும் நாட்களிலும் கடைசி நாள் கலைக்கும் நேரத்திலும் அரங்குக்குள் பிராணிகளைப் பெரும்பாலும் விடமாட்டார்கள். விட்டாலும் கூட்டிப் போகாதீர்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓடும், சரக்கு வாயில்கள் திறந்தே கிடக்கும், குளிர்சாதனம் ஓடாது. தரையெங்கும் ஸ்டேப்பிள் பின், வெட்டிப் போட்ட பிளாஸ்டிக் டை, திருகாணி. கண்காட்சி முடியும் நாளில், மணி அடித்த அடுத்த நிமிடமே கலைக்கத் தொடங்கிவிடுவார்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே நாய் வெளியே போயிருக்க வேண்டும்.

உங்கள் நிறுவனத்தின் பொறுப்புக் காப்பீட்டையும் எடுத்துப் பாருங்கள். பிராணியால் ஏற்படும் காயத்தை விலக்கி வைத்திருக்கும் பாலிசிகள் நிறைய. எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

நாயால் வியாபாரம் பெருகுமா? நீங்கள் உண்மையில் கேட்க நினைத்தது இதுதான் என்று நினைக்கிறேன். நாய் இருக்கும் ஸ்டாலில் கூட்டம் சேரும், அதில் சந்தேகமே இல்லை. யார் சேருகிறார்கள் என்றுதான் பார்க்க வேண்டும். குனிந்து தடவிக் கொடுத்துவிட்டு, தன் வீட்டு நாயின் படத்தைப் போனில் காட்டிவிட்டுப் போகிறவர்கள் அதிகம். அவர்களும் நல்ல மனிதர்கள்தான், ஆனால் உங்கள் மூன்று மீட்டர் ஸ்டாலின் முன்பக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். பின்னால் கழுத்தில் அட்டையோடு வந்த கொள்முதல்காரர் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். அவருக்கு ஒரு நாளில் ஐம்பது ஸ்டால் பார்க்க வேண்டியிருக்கும்.

ஹார்னஸ் விஷயத்தில் மட்டும் கணக்கு வேறு. தீவனமோ மருந்தோ விற்பவருக்கு நாய் வெறும் அலங்காரம். ஹார்னஸ் நாயின் உடம்பில் ஏறினால்தான் புரியும். தோள்பட்டை அசைவைத் தடுக்கிறதா, அக்குளில் உரசுகிறதா, பின்னோக்கி இழுத்தால் தலைவழியே கழன்றுவிடுகிறதா என்பதையெல்லாம் பொம்மையில் காட்ட முடியாது. அதனால் நான் சொல்லும் வழி: நாள் முழுக்க நாயை ஸ்டாலில் வைத்திருக்காதீர்கள். காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று என நேரம் குறித்து, அரை மணி நேரச் செய்முறை நடத்துங்கள். நேரத்தை அட்டையில் எழுதி முன்னால் வையுங்கள், நீங்கள் சந்திக்க விரும்பும் கடைக்காரர்களுக்கு முன்கூட்டியே மின்னஞ்சலும் போடுங்கள். நாய் இல்லாத நேரத்தில் அதே ஹார்னஸ் போட்டு நாய் நடக்கும் காணொளி திரையில் ஓடட்டும். நாய்க்கும் நல்லது, அந்த நேரத்துக்கென்றே வருபவர்கள் வாங்கும் எண்ணத்தோடு வருபவர்களாகவும் இருப்பார்கள்.

இனி நாய்க்கு வருவோம். எல்லாரிடமும் ஒட்டிக்கொள்ளும் நாய் என்கிறீர்கள். அதுவே எனக்குக் கொஞ்சம் கவலை. வருகிற ஒவ்வொருவரிடமும் எழுந்து போய்க் கொஞ்சும் நாய் ஒரு மணி நேரத்தில் களைத்துவிடும், அதற்கு மேல் குணம் மாறும். அரங்குக்குப் பொருத்தமான நாய் எது என்றால், கூட்டத்தின் நடுவில் படுத்துத் தூங்கத் தெரிந்த நாய். வளர்ந்த நாய் ஒரு நாளில் சாதாரணமாகப் பன்னிரண்டு மணி நேரம் வரை தூங்கும், சில நாய் அதற்கும் மேல். அந்தத் தூக்கத்தைப் பறித்துக்கொண்டு காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை சிரித்த முகமாக இரு என்றால் எந்த நாயாலும் ஆகாது.

இன்னும் இரண்டு மாதம் இருந்தால் ஒத்திகை பாருங்கள். முதலில் ஆள் நடமாட்டம் குறைந்த இடம், பிறகு பரபரப்பான இடம், பிறகு மேலே எதிரொலிக்கும் பெரிய கூரையுள்ள இடம். நாய் பாயில் படுக்க வேண்டும், நீங்கள் வேறொருவரோடு இருபது நிமிடம் பேச வேண்டும். நாய் கண்ணை மூடியதா? நல்லது. மூச்சிரைத்துக்கொண்டு ஒவ்வொரு சத்தத்துக்கும் தலையைத் திருப்பிக்கொண்டே இருந்ததா? அப்படியானால் அரங்கில் இதைப் போலப் பத்து மடங்கு இருக்கும் என்று நினைத்துக்கொண்டு முடிவெடுங்கள். கூண்டுக்குள் மூடி இருந்து தூங்கும் பழக்கமும் அவசியம். ஓட்டல் அறையில் நாயைத் தனியாக விடக்கூடாது என்று பல ஓட்டல்கள் சொல்லும். விடலாம் என்று சொல்லும் இடத்திலும் கூண்டுக்குள்தான் விடச் சொல்லும்.

ஹீட்டில், அதாவது இணைசேரும் பருவத்தில், இருக்கும் பெண் நாயைக் கூட்டிப் போகாதீர்கள், அது எல்லோருடைய நாளையும் கெடுக்கும். தடுப்பூசித் தொடர் முடியாத குட்டியும் வேண்டாம். ஆண் நாய் புது இடத்தில் காலைத் தூக்கும் பழக்கமுள்ளது என்றால், வயிற்றைச் சுற்றிக் கட்டும் துணிப்பட்டையை வீட்டிலேயே போட்டுப் பழக்குங்கள். அரங்கில் ஒரு மூலையில் ஒரு நாய் ஒன்றுக்குப் போனால், பின்னால் வரும் ஒவ்வொரு ஆண் நாயும் அங்கே கையெழுத்துப் போடும். என்சைம் கலந்த துப்புரவுத் திரவம் ஒரு பாட்டில் ஸ்டாலில் இருக்கட்டும். சாதாரண சோப்புத் தண்ணீர் நம் மூக்குக்குத்தான் போதும், நாயின் மூக்குக்குப் போதாது.

அரங்கு நாய்க்கு எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் அதன் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். முகத்துக்கு நேரே கால்கள், உருளும் பெட்டிகள், இழுத்துப் போகும் பைகள். மெல்லிய கம்பளத்துக்கு அடியில் கான்கிரீட். மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. நாயின் காது 45,000 ஹெர்ட்ஸ் வரை போகும். பக்கத்து ஸ்டாலில் குரூமிங் டிரையர், அதற்கடுத்த ஸ்டாலில் கீச்சிடும் பொம்மை, எதிரே கிளி, மூலையில் பல்லி. போதாக்குறைக்கு நூற்றுக்கணக்கான தீவனங்களின் வாசனை.

நாய் தாங்கமுடியாமல் போகும்போது குரைத்துச் சொல்லாது, முதலில் சின்னச் சின்னதாகச் சொல்லும். உதட்டை நக்கும். தூக்கமில்லாமலே கொட்டாவி விடும். கண்ணின் வெள்ளை ஓரத்தில் தெரியும்படி பார்க்கும். தடவ வரும் கையிலிருந்து தலையை மட்டும் திருப்பும். ஈரமில்லாமலே உடம்பை உதறும். இவற்றில் எனக்கு மிகவும் உதவிய அடையாளம் தின்பண்டம். எப்போதும் பறித்துத் தின்னும் நாய் கையிலிருப்பதை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பினால், அன்றைக்கு அதன் வேலை முடிந்தது. கொள்முதல்காரர் எதிரே நின்றாலும் சரி, நாய்க்கான ஆள் அதைக் கூட்டிக்கொண்டு வெளியேற வேண்டும். அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் அவருக்கே இருக்கட்டும். பேச்சு மும்முரத்தில் இருக்கும் உங்களுக்கு அந்தக் கொட்டாவி கண்ணில் படாது.

வருகிறவர்கள் தடவுவதையும் அவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். துறையில் இருப்பவர்கள் என்பதால் நாயிடம் முறையாக நடந்துகொள்வார்கள் என்று எதிர்பார்த்தேன். இல்லை. "எனக்கு நாய்களைத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே முகத்தோடு முகம் வைப்பவர்கள் இங்கேதான் அதிகம். நாய் தானாக வந்து முகர்ந்தால் தடவலாம், வராவிட்டால் விட்டுவிடலாம் என்று சிரித்தபடி சொல்ல ஒருவர் நிற்க வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் கறாராக இருங்கள். கண்காட்சியில் ஒவ்வொரு மேசையிலும் மாதிரித் தின்பண்டம், எல்லாரும் நீட்டுவார்கள். திடீரென்று பத்து வகைப் புதுத் தீவனம் உள்ளே போனால் மறுநாள் பேதி உறுதி. அது எங்கே, யார் முன்னால் போகும் என்று உங்களால் தேர்ந்தெடுக்க முடியாது. மாதிரிகளைப் பையில் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், ஊர் திரும்பியதும் ஒன்றொன்றாகக் கொடுக்கலாம். நாய்க்கு வீட்டில் தின்னும் அதே தீவனம், அதே அளவு. பொதுவில் வைத்திருக்கும் தண்ணீர்க் கிண்ணங்களில் குடிக்க விடாதீர்கள், உங்கள் கிண்ணத்தையே கொண்டு போங்கள். தரையில் மனிதர்கள் சிந்துவதும் ஆபத்து: சாக்லேட், உலர்திராட்சை, சர்க்கரைக்குப் பதிலான சைலிட்டால் என்ற இனிப்பு சேர்த்த சூயிங்கம். கடைசியாகச் சொன்னது சிறிதளவே நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும்.

எஸ்கலேட்டரில் நாயை நடத்தவே கூடாது. படி உள்ளே மடங்கும் இடத்தில் பாத ரோமமும் நகமும் சிக்கிப் பாதம் கிழியும். லிஃப்ட், இல்லையென்றால் சாதாரணப் படி. சிறிய நாயென்றால் தூக்கிக்கொள்ளுங்கள். வெளியே கூட்டிப் போகும்போது தரைச் சூட்டைப் பாருங்கள். சூப்பர்சூ வழக்கமாக நடப்பது ஆகஸ்டில், பாலைவன நகரத்தில். அந்த வெயிலில் தார்ச்சாலை காற்றைவிட மிக அதிகமாகக் கொதிக்கும். புறங்கையை ஏழு நொடி தரையில் வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் வைக்க முடியாது. பக் போன்ற தட்டை மூக்கு நாய்களை அந்த வெப்பத்துக்குக் கூட்டிப் போவதை நான் ஆதரிப்பதில்லை. நாயின் இயல்பான உடல் வெப்பமே 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. இரைத்து இரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும், இந்த நாய்களுக்கு அதற்கான மூச்சுப்பாதையே குறுகல்.

தடுப்பூசியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். பல ஊர்களிலிருந்து வரும் நாய்கள் ஒரே கூரையின் கீழ் மூச்சு விடும் இடம் இது. ரேபிஸ், டிஸ்டெம்பர், பார்வோ ஆகிய நோய்களுக்கான ஊசிகள் அடிப்படை. இங்கே கூடுதலாகக் கவனிக்க வேண்டியது மூச்சுவழித் தொற்றுகள்: கென்னல் காஃப் எனப்படும் இருமல் நோய், நாய்க் காய்ச்சல் (ஃப்ளூ) வைரஸ். அந்த இருமலை உண்டாக்கும் கிருமிகளில் ஒன்றான போர்டடெல்லாவுக்கான தடுப்பு மருந்தை மூக்கில் விட்டால் சில நாட்களில் வேலை செய்யத் தொடங்கும். நாய்க் காய்ச்சலுக்கோ இரண்டு ஊசிகள், இடையில் இரண்டு முதல் நான்கு வாரம், அதன் பிறகும் எதிர்ப்பு சக்தி வர அவகாசம் வேண்டும். எனவே குறைந்தது எட்டு வாரம் முன்னால் மருத்துவரைப் பாருங்கள். இந்த இருமலுக்கு ஒரே ஒரு கிருமி காரணமில்லை. பல பாக்டீரியாக்களும் வைரஸ்களும் தனித்தனியாகவோ சேர்ந்தோ உண்டாக்கும். அதனால் எல்லா ஊசியும் போட்ட நாயும் இருமக்கூடும்.

எல்லை தாண்டிப் போகிறீர்கள் என்றால் இந்தக் கணக்கு இன்னும் நீளும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழைய மைக்ரோசிப் முதலில், ரேபிஸ் ஊசி அதற்குப் பிறகு. வரிசை மாறினால் ஊசி கணக்கில் வராது. முதல் ஊசி போட்டு 21 நாள் கடக்க வேண்டும். அவர்களின் பட்டியலில் இல்லாத நாட்டிலிருந்து போனால் ரத்தப் பரிசோதனையும் உண்டு: ஊசி போட்டு 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 2024 ஆகஸ்ட் 1 முதல், நுழையும் நாய்க்கு ஆறு மாத வயதாவது ஆகியிருக்க வேண்டும், மைக்ரோசிப் இருக்க வேண்டும், அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. அமைப்பின் இறக்குமதிப் படிவம் வேண்டும். ரேபிஸ் அபாயம் அதிகமுள்ள நாடுகளிலிருந்து வரும் நாய்க்கு இதற்கு மேலும் நிபந்தனைகள். உண்மையைச் சொன்னால், மூன்று நாள் கண்காட்சிக்காக நாயை விமானத்தின் சரக்குப் பகுதியில் ஏற்றுவதை எந்தக் கணக்கிலும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. காரில் ஒரு நாளில் போய்ச் சேரக்கூடிய தூரம், இல்லையென்றால் இருக்கைக்கு அடியில் வைக்கக்கூடிய அளவு நாய், இவ்வளவுதான் என் எல்லை. அதைத் தாண்டினால், கண்காட்சி நடக்கும் ஊரிலேயே நாய் வைத்திருக்கும் பயிற்சியாளர் ஒருவரை அந்தச் செய்முறை நேரத்துக்கு மட்டும் கூலிக்கு அமர்த்துங்கள். ஹார்னஸை அவருக்கு இரண்டு வாரம் முன்பே அனுப்பி, நாய்க்குப் பழக்கச் சொல்லுங்கள். பயணச் செலவைவிடக் குறைவாகவே ஆகும்.

நாயை விடாத கண்காட்சிக்குள் நுழைய, இணையத்தில் ஒரு மேலங்கி வாங்கி நாய்க்கு மாட்டி "சேவை நாய்" என்று சொல்லும் வழக்கம் ஒன்று இருக்கிறது. செய்யாதீர்கள். கண் தெரியாதவரையோ வலிப்பு உள்ளவரையோ கவனித்து நிற்கும் உண்மையான சேவை நாயின் வேலையை உங்கள் நாய் கெடுத்துவிடும். துறைக்குள் பெயர் கெட்டால் அது ஒரு கண்காட்சியோடு போகாது.

இவ்வளவும் ஸ்டால் போடுபவருக்கு. வெறுமனே சுற்றிப் பார்த்துக் கொள்முதல் செய்யப் போகிறவர் நாயைக் கூட்டிப் போவதற்கு ஒரு நல்ல காரணத்தை இதுவரை நான் கேட்டதில்லை.

கையில் இருக்க வேண்டியவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன், மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும். கழுத்துப்பட்டையில் வீட்டுத் தொலைபேசி எண்ணோடு, அந்த ஊரில் எடுக்கப்படும் கைபேசி எண்ணும் இருக்கட்டும். அரங்குக்கு அருகில் இரவிலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனையின் முகவரியை நாய்க்கான ஆள் தன் போனில் முதலிலேயே சேமித்து வைத்திருக்கட்டும்.

திரும்பி வந்ததும் இரண்டு வாரத்துக்கு நாயை மற்ற நாய்களோடு பழக விடாதீர்கள். வீட்டில் வயதான நாயோ குட்டியோ இருந்தால் இது இன்னும் முக்கியம். கென்னல் காஃப் வெளியே தெரிய இரண்டு வாரம் வரை ஆகலாம். தொண்டையில் எதோ சிக்கியதுபோல வறட்டு இருமல் கேட்டால் நேராக மருத்துவமனைக்குள் கூட்டிக்கொண்டு நுழைய வேண்டாம். முதலில் போன் செய்து கண்காட்சிக்குப் போய் வந்ததைச் சொல்லுங்கள். காத்திருப்பு அறையில் மற்ற நாய்கள் இருக்கும், மருத்துவரே வெளியே வந்து காரில் வைத்துப் பார்க்கக்கூடும்.